நூலாசிரியனும் நால்வகை அச்சமும்

(வத்திராயிருப்பில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மேற்கே சதுரகிரி நிமிர்ந்து நிற்க, பிளவக்கல் அணையின் நீர் வயலும் தென்னந்தோப்பும் பாய, மலையின் காலடியில் அமர்ந்திருக்கின்ற ஊர் இவ் வத்திராயிருப்பு. மலையடியில் வாழ்வார்க்கு அச்சம் இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காட்டினின்று யானை இறங்கித் தோப்பிற் புகும் இரவுகளை இவ்வட்டாரம் நன்கறியும். அத்தகைய இரவில் காவலுக்குச் செல்கின்ற உழவன் அஞ்சுவதில்லையா? அஞ்சுகின்றான். ஆனால் அவனச்சம் அவனைப் பாயிற் கிடத்துவதில்லை. தீ மூட்டச் சொல்கின்றது; அடுத்த தோப்புக்காரனைக் கூவி அழைக்கச் சொல்கின்றது; யானை வரும் தடத்தை விட்டு விலகி நிற்கச் சொல்கின்றது. தடம் அறியாத புதியவனுடைய அச்சமோ வேறு. காற்றில் ஆடும் தென்னைமட்டையையும் அது யானையாக்கிக் காட்டும். அவனை ஓடவும் விடாது, நிற்கவும் விடாது.

அச்சத்தில் இவ்விரு வகை உண்டு. ஒன்று தொழிற்படுத்தும் அச்சம். மற்றொன்று முடக்கிப் போடும் அச்சம். அஞ்சத் தகுவனவற்றிற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்று திருவள்ளுவர் உரைத்ததும் முன்னதனை எண்ணியே. பின்னதனைப் பற்றியதே இன்றைய உரை. அது யாரைப் பற்றிய உரை? ஒரு பெருநிறுவனத்தின் நிழலோ ஒரு கட்சியின் நிழலோ இன்றி, தானே எழுதி, தானே அச்சிட்டு, தானே தோளிற் சுமந்து விற்கின்ற தனித்த நூலாசிரியனைப் பற்றியது.

பெட்டிக்குள் உறங்கும் சுவடிகள்

இம்மலையடி ஊர்களில் எழுதுவோர் இல்லாமலில்லை. தமிழாசிரியர் ஒருவர் சொல்லாராய்ச்சிக் குறிப்புகளைப் பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பார். பணி ஓய்வு பெற்ற ஒருவர் தம் ஊரின் வரலாற்றை நான்கு குயர்ச்சுவடிகளில் எழுதி முடித்திருப்பார். நூற்பாலைக்குச் சென்று திரும்பும் இளைஞன் ஒருவன் பா எழுதித் தலையணைக்கடியில் வைத்திருப்பான். கேட்டால், “இன்னும் திருத்த வேண்டும்” என்பர். ஐந்தாண்டு கழித்துக் கேட்டாலும் அதே மறுமொழியே வரும். இறுதியில் அச்சுவடி பரணேறும். கரையான் ஒன்றே அதனை முழுமையாகப் படித்து முடிக்கும்.

முற்காலத்தில் இதற்குப் பொருளின்மையைக் கரணியமாகக் கூறலாம். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்ட நாளில், சில நூறு படிகளேனும் அடித்தாலன்றிச் செலவு கட்டாது. இன்றோ கணினியில் எழுத்துக் கோத்து ஐம்பது படிகள் மட்டுமே அச்சிட்டுக்கொள்ளலாம்; விற்ற பின் மேலும் ஐம்பது அடிக்கலாம்; தாளின்றி மின்னூலாகவும் வெளியிடலாம். கருவி மலிந்துவிட்டது. ஆயினும் சுவடிகள் பெட்டியை விட்டு வெளிவந்தபாடில்லை. ஆகவே பூட்டு அச்சகத்தில் இல்லை, உள்ளத்தில் இருக்கின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, அவற்றுள் அச்சத்திற்கு நான்கு நிலைக்களங்களை வகுத்துள்ளார். கண்ணுக்குப் புலனாகாது வருத்தும் அணங்கு முதலாவது; பாயும் விலங்கு இரண்டாவது; பறிக்கும் கள்வர் மூன்றாவது; ஆளும் அரசர் நான்காவது. எந்நாளிலும் எந்நாட்டிலும் மாந்தன் அஞ்சுவன இந்நான்கனுள் அடங்கும். தனித்த எழுத்தாளனுடைய அச்சத்தையும் இந்நான்காகவே பகுத்துக் காணலாம்.

பக்கத்திலேயே ஒரு வாழ்க்கை

பகுத்துக் காணுமுன், இந் நான்கச்சத்தையும் நேர்நின்று கண்ட ஒருவரை நினைவு கூர்தல் வேண்டும். அதற்குத் தொலைநாடு செல்ல வேண்டா. இங்கிருந்து திருவில்லிபுத்தூர் வழியாக இராசபாளையம் சென்று, சங்கரன்கோயிற் சாலையில் திரும்பினால் முறம்பு என்னும் சிற்றூர் வரும். பெற்றோரை இளமையிலேயே இழந்த ஒரு சிறுவனுக்குப் பொருளுதவி புரிந்து, பாளையங்கோட்டையில் உயர்நிலைக் கல்வி பெறச் செய்தவர், அங்குச் சீயோன்மலையில் வாழ்ந்த யங் என்னும் துரை. படிப்பு முடித்த அவ்விளைஞர் 1919-ஆம் ஆண்டில், தம் பதினேழாம் அகவையில், அச் சீயோன்மலைப் பள்ளியிலேயே முதன்முதலாக ஆசிரியப் பணி ஏற்றார். 1902-ஆம் ஆண்டு பிப்பிரவரி 7-ஆம் நாள் சங்கரன்கோயிலில் பிறந்த அவரே மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். இன்று முறம்பில் அவர் பெயரால் பாவாணர் கோட்டம் நிற்கின்றது. கோட்டத்தைக் காண்போர், அதே மண்ணில் கையில் சுண்ணக்கட்டியோடு நின்ற பதினேழு அகவை இளைஞனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்விளைஞனுக்குப் பட்டமில்லை, பணமில்லை, பின்னணியில்லை. இருந்ததெல்லாம் தமிழும் ஓயாத உழைப்புமே.

அணங்கு: காணாத படிப்பாளி

முதலாவது அணங்கச்சம். எழுதுவோனை முதலில் வருத்துவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. “இதனை யார் படிப்பார்? ஒருவரும் படியாவிட்டால் என் செய்வது?” என்னும் நினைவே அது. படிப்பாளி என்பவன் முகமில்லாத பேய்போல் எதிரில் நிற்கின்றான். அவன் பல்லாயிரக்கணக்கினனாக இருக்க வேண்டும் என்று எண்ணுவதாலேயே அவன் முகம் தெரிவதில்லை.

இவ்வணங்கை ஓட்டும் வழி, முகமில்லாதவனுக்கு முகம் கொடுத்தலே. உ.வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவருமுன்பே ஊரூராக அன்பர்களிடம் கையொப்பம் வாங்கினார். கையொப்பமிட்டவன் பேயல்லன், பெயருடையவன், ஊருடையவன். அவனுக்காக நூல் முடிந்தே தீர வேண்டும். அச்சம் அங்குக் கடமையாக மாறிவிடுகின்றது.

மற்றொருவரையும் இங்குச் சொல்ல வேண்டும். அவர் நடை வடசொற் கலந்தது. அவர் நெறி தனித்தமிழ் நெறியன்று. ஆயினும் நற்பண்பை எங்குக் கண்டாலும் கொள்ளுதல் தமிழர் முறை. மலைக்கு அப்பால் வத்தலக்குண்டைத் தம் ஊராகக் கொண்ட சி.சு. செல்லப்பா, 1959-ஆம் ஆண்டு முதல் 1970 வரை “எழுத்து” என்னும் இதழை நடத்தினார். தாம் வெளியிட்ட நூல்களைக் கட்டாகக் கட்டிச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். முதுமையில் “சுதந்திர தாகம்” என்னும் பெருங்கதையை 1997-ஆம் ஆண்டில், தம் 85-ஆம் அகவையில், தாமே வெளியிட்டார். மறு ஆண்டே மறைந்தார். அவர் மறைந்த பின் 2001-ஆம் ஆண்டில் அந்நூலுக்குச் சாகித்திய அக்காதெமியின் பரிசு கிடைத்தது. பரிசு வரும் என்றெண்ணியா எண்பத்தைந்து அகவையில் ஒருவர் அச்சகத்திற்குச் செல்வார்? ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு கையில் வைத்துக் கொடுத்தவருக்குப் படிப்பாளி அணங்கல்லன்; எதிரில் அமர்ந்த ஆள்.

பாவாணருக்கும் அவ்வாறே. மொழியாராய்ச்சி நூல் ஆயிரக்கணக்கில் விற்பதன்று. ஆயினும், அவர் அகரமுதலிப் பணியைத் தாங்குதற்குப் பெருஞ்சித்திரனாரின் “தென்மொழி” வழியாகத் திரண்ட அன்பர்கள் திங்கள்தோறும் தத்தம் வருவாயினின்று சிறு தொகை ஒதுக்கி அனுப்பினர். அவர்களுட் பலர் எளிய நிலையினர். அச்சிறு கூட்டமே ஒரு பெரும்பணியை நடத்தியது. நூறு பேர் உண்மையாகப் படிக்கும் நூல், ஆயிரம் பேர் வாங்கி அடுக்கும் நூலினும் நெடுநாள் வாழும்.

விலங்கு: பாயும் நாக்குகள்

இரண்டாவது விலங்கச்சம். நூல் வெளிவந்தவுடன் பிழை பிடுங்குவோர், எள்ளி நகைப்போர், ஆளைப் பிறாண்டுவோர் பாய்வர் என்னும் அச்சம். இது வெற்றச்சமன்று, இத்தகைய விலங்குகள் உண்டு. ஆனால் ஓர் உண்மையை இங்கு மறையாமற் கூற வேண்டும். அவ்விலங்குகளுட் சில நம்மவர் தொழுவத்திலேயே வளர்கின்றன.

எங்கும் காணும் காட்சி இது. இளைஞன் ஒருவன் அரும்பாடுபட்டு ஒரு சிறுநூலை அச்சிட்டு அவைக்குக் கொண்டுவருகின்றான். அந்நூலில் அவன் சொன்ன கருத்து என்ன, அவன் தேடிய செய்தி எத்தகையது என்று எவரும் கேட்பதில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வடசொல் இருக்கின்றது. ஏழாம் பக்கத்தில் ஒற்று மிகவில்லை. அவற்றையே எடுத்து மேடையிற் படித்து நகைக்கின்றனர். அவையும் நகைக்கின்றது. அவ்விளைஞன் வீட்டிற்குச் செல்கின்றான், அதன்பின் எழுதுவதில்லை. அன்று தமிழுக்கு ஒரு வடசொல் குறைந்தது என்று நகைத்தவர் மகிழலாம். ஓர் எழுத்தாளனே குறைந்தான் என்பதை யார் கணக்கிற் சேர்ப்பது?

திருத்தம் வேண்டா என்பது இதன் கருத்தன்று. பிழை பிழையே; வடசொல் வடசொல்லே. ஆனால் பெரியோர் எவ்வாறு வளர்ந்தனர் என்று நோக்குக. மறைமலையடிகள் தம் இதழை 1902-ஆம் ஆண்டு தொடங்கியபோது அதற்கிட்ட பெயர் “ஞானசாகரம்”. அன்று அவர் பெயர் வேதாசலம். தனித்தமிழ் நெறி தோன்றிய 1916-ஆம் ஆண்டிற்குப் பின்னரே அவர் மறைமலையடிகள் ஆனார். இதழ் “அறிவுக்கடல்” ஆயிற்று. பாவாணர் தம் இளமைக் காலத்தில் வெளியிட்ட இசைப்பாடல் நூலின் பெயர் “கிறித்தவக் கீர்த்தனம்”. அன்று அவர் தம்மைத் தேவநேசக் கவிவாணன் என்று குறித்துக்கொண்டார். “நேசன்” பின்னர் “நேயன்” ஆயிற்று. “கவிவாணன்” “பாவாணன்” ஆயிற்று. 1944-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலின் பெயர் “திராவிடத்தாய்”. பின்னாளில் அச்சொல்லையே அவர் விலக்கினார்.

அன்று வேதாசலத்தையும் கவிவாணனையும் ஓர் அவை கூடி நகைத்து அமுக்கியிருந்தால், மறைமலையடிகளும் பாவாணரும் நமக்குக் கிடைத்திருப்பரோ? தூய நடை என்பது பிறவியிற் கிடைப்பதன்று. எழுதி எழுதி அடைவது. எழுதாமலேயே தூயவனாக இருப்பது எளிது. வெறுந்தாள் எப்போதும் தூயதே!

ஆகவே இளைஞனுக்கு ஒரு சொல்: முதல் நூலிற் பிழை இருக்கும், இருந்தே தீரும். இரண்டாம் பதிப்பு என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். மூத்தோருக்கும் ஒரு சொல்: திருத்துவதாயின் அச்சேறுமுன் திருத்துங்கள், வீட்டிற்கழைத்துத் திருத்துங்கள். மேடையில் நின்று திருத்துவது திருத்தமன்று, வேட்டை.

கள்வர்: கடனும் களவும்

மூன்றாவது கள்வரச்சம். “கைப்பொருள் போய்விடும், கருத்தையும் எவரேனும் திருடிவிடுவர்” என்பது அது.

பொருளச்சத்தைப் பொருள்கொண்டே தீர்க்க வேண்டும், வீரப்பேச்சால் தீர்க்கலாகாது. மனைவியின் தாலியை அடகு வைத்து ஆயிரம் படி அடிப்பது துணிவன்று, அறியாமை. பாவாணரின் வாழ்க்கையை நோக்குக. ஆம்பூர், சென்னை, மன்னார்குடி, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களிற் பள்ளியாசிரியராகவும், 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும் அவர் பணியாற்றினார். சோறு போட்டது ஆசிரியப் பணி, நூல் அன்று. அதனால்தான், விற்குமோ என்று பாராமல், உண்மை என்று தாம் கண்டதை எழுத இயன்றது. நூல் தனக்குச் சோறு போட வேண்டும் என்று முதல் நாளே நெருக்குபவன், நூலையும் கெடுப்பான்; சோற்றையும் இழப்பான். செய்யும் தொழிலைத் தாழ்வாக எண்ணற்க. அதுவே எழுத்தின் உரிமையைக் காக்கும் வேலி.

அளவறிந்து தொடங்குதலும் வேண்டும். தென்காசிப் பக்கத்துக் கடையத்தில் வாழ்ந்தபோது, 1920-ஆம் ஆண்டில், பாரதியார் தம் எழுத்துகளையெல்லாம் நாற்பது நூல்களாக வெளியிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடனுதவி வேண்டி மடல் விடுத்தார். எண்ணிய உதவி வரவில்லை. மறு ஆண்டில் அவரும் மறைந்தார். பெரும்பாவலன் ஒருவனைக் கைவிட்ட பழி அன்றைய குமுகாயத்தினுடையது. ஆயினும் இன்று எழுதுவோன் கற்க வேண்டிய பாடமும் அதில் உண்டு. நாற்பது நூலுக்கு உதவி வரும்வரை காத்திராமல், கைப்பொருளுக்கு எட்டிய ஒரு சிறுநூலை முதலில் வெளியிடுக. அது விற்ற காசில் அடுத்தது வரட்டும்.

களவச்சத்திற்குச் சட்டம் துணை நிற்கின்றது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவன் தானே எழுதிய எழுத்துக்கு, எழுதிய அப்பொழுதே உரிமையாளன் ஆகின்றான். பதிவு செய்தல் கட்டாயமன்று. அவ்வுரிமை அவன் வாழ்நாள் முழுதும், அவன் மறைவிற்குப் பின் 60 ஆண்டும் நிற்கும். எழுதிக் கொடுத்தாலன்றி அவ்வுரிமை பிறர்க்குச் செல்லாது. எனவே எத்தாளிலும் படித்துப் பாராமற் கையொப்பமிடற்க. நூற்குறியீட்டெண்ணை இந்தியாவில் நடுவணரசின் முகவாண்மை கட்டணமின்றியே வழங்குகின்றது. 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி வெளியிட்டவர் அனுப்ப வேண்டிய படிகளுள் ஒன்று கொல்கத்தாவிலுள்ள நாட்டு நூலகத்திற்கும், மற்றொன்று சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கும் செல்லும். அங்கு ஒரு படி இருக்குமாயின், இந்நாளில் இவ்வூரில் இவர் இதனை எழுதினார் என்பதற்கு அதனினும் உறுதியான சான்று வேறில்லை. சுவடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதால் திருட்டினின்று தப்பலாம். மறதியினின்று தப்ப முடியாது. திருடன் கொண்டுபோவது ஒரு பகுதி. மறதி கொண்டுபோவது முழுமை.

இறை: வாயிற்காவலர்

நான்காவது அரசரச்சம். முடியரசு போயிற்று, ஆனால் எழுத்தாளனுக்கு அரசர் பலர் உளர். பல்கலைக்கழகம் ஓர் அரசர். பெரும் பதிப்பகம் ஓர் அரசர். பரிசுக்குழு ஓர் அரசர். நூலக ஆணைக்குழு ஓர் அரசர். “இவர்கள் ஏற்கவில்லையென்றால் என் எழுத்துக்கு மதிப்பில்லை” என்பதே இவ்வச்சம். நால்வகையுள் மிகக் கொடியது இதுவே. மற்ற மூன்றும் வெளியிலிருந்து வருத்துவன. இதுவோ உள்ளிருந்தே ஒருவனைத் தன்னை மதியாதவனாக்கிவிடும்.

1930-களில் பாவாணர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைக் கலைமுதுவர் பட்டத்திற்காகத் தமிழரின் தோற்றம் பற்றி ஓர் இடுநூல் எழுதி அளித்தார். அது தள்ளப்பட்டது. தள்ளப்பட்டவர் என் செய்தார்? அழுது அடங்கவில்லை, எழுதுகோலையும் உடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் வாயிலாக அன்றித் தம் நூல்கள் வாயிலாகவே உலகத்தோடு பேசத் துணிந்தார். 1940-ஆம் ஆண்டில் “ஒப்பியன் மொழிநூல்” வெளிவந்தது. பட்டத்தையும் அவர் வெறுத்துவிடவில்லை. 1952-ஆம் ஆண்டில், தம் ஐம்பதாம் அகவையில், தமிழ் முதுகலைப் பட்டம் பெற்றார். வாயில் அடைத்திருந்தால் வேறு வழி செல்வது, திறந்தபோது தலைநிமிர்ந்து நுழைவது என்னும் இரண்டும் ஒரே உள்ளத்தின் இரு செயல்கள்.

1956-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியாராய்ச்சிப் பணிக்கு அமர்ந்தார். 1961-ஆம் ஆண்டில் அப்பணியினின்று வெளியேற நேர்ந்தது. அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தொன்பது. பிறர் ஓய்வூதியத்தை எண்ணும் பருவம். 1963-ஆம் ஆண்டில் துணைவியார் நேசமணி அம்மையாரும் மறைந்தார். பணியுமில்லை, துணையுமில்லை என்னும் அந்நிலையிலும் அவர் எழுத்து நின்றதா? காட்டுப்பாடியில் அம்மையார் பெயரால் நேசமணி பதிப்பகம் அமைந்தது. 1966-ஆம் ஆண்டில், தமிழே உலகின் முதற் செம்மொழி என்று தாம் கண்ட முடிபை நிறுவும் ஆங்கில நூல் அதன் வழி வெளிவந்தது. மறு ஆண்டில் “தமிழ் வரலாறு”, “வடமொழி வரலாறு” என்னும் இரண்டும் வந்தன. 1969-ஆம் ஆண்டில் “திருக்குறள் தமிழ் மரபுரை” வந்தது. பதவியிலிருந்த ஐந்தாண்டினும் பதவியிழந்த பின்னைய பத்தாண்டே நூல்வளம் மிக்கதாயிற்று.

1974-ஆம் ஆண்டில், அவருடைய எழுபத்திரண்டாம் அகவையில், தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அவரை அமர்த்தியது. அரசர் வாயில் தானே திறந்தது. 1981 சனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டிற்குச் சென்ற இடத்தில் நோயுற்று அவர் மறைந்தார். அகரமுதலியின் முதற்பகுதி 1985-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதனைக் காண அவர் இல்லை. பணி 2011-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. தான் காணாத அறுவடைக்கும் விதைத்துச் செல்வதே எழுத்து. தென்னை நட்டவன் பெயரனுக்கு இளநீர் கிடைக்கும் என்பதை இவ்வூரார் அறியாதவரல்லர்.

நலமுடைய உள்ளம்

அச்சத்தை அகற்றியபின் அவ்விடத்தில் எதை வைப்பது? இதில் ஏமாந்துபோவோர் பலர். அச்சம் போன இடத்தில் செருக்கு வந்து அமர்ந்துவிடுகின்றது. “மறுப்போரெல்லாம் பகைவர், என்னை உணராதவன் தமிழை உணராதவன்” என்று பேசத் தொடங்குகின்றனர். இதுவும் அச்சத்தின் மறுவடிவமே. வினாவிற்கு அஞ்சுபவன்தான் வினவுபவனைப் பகைவன் என்பான். பாவாணரின் முடிபுகளை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர், அவ்வழக்கு இன்றும் ஓயவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு முடிபிற்கும் சொற்களை அடுக்கிச் சான்று காட்டிச் சென்றார். மறுப்பவனும் அச்சான்றுகளை எடுத்துப் பார்த்தே மறுக்க வேண்டும். சான்று காட்டுபவனுக்குச் செருக்குத் தேவையில்லை. சான்றே அவனுக்காகப் பேசும்.

நலமுடைய உள்ளம் எத்தகையது என்பதற்கு நம் முன்னோர் ஓர் அழகிய வழியை விட்டுச் சென்றனர். அதன் பெயர் அவையடக்கம். கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கூறிக்கொண்டார். அவ்வாறு கூறிவிட்டுக் காப்பியம் பாடாமல் எழுந்து போனாரா? பல்லாயிரம் பாடல்களைப் பாடி முடித்தார். அவையடக்கம் என்பது அச்சமன்று. அச்சத்தை முதற் பக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டு மேற்செல்லுதல். “என் குறை எனக்குத் தெரியும், ஆயினும் சொல்ல வேண்டியது ஒன்று உளது, கேளுங்கள்” என்பதே அதன் பொருள். முற்பகுதி இல்லையேல் செருக்கு. பிற்பகுதி இல்லையேல் கோழைமை. இரண்டும் சேர்ந்ததே நலம்.

இன்னொன்றும் அவர்களிடம் இருந்தது. அதுவே இன்று நம்மிடம் இல்லாதது: அரங்கேற்றம். நூல் உலகிற்குச் செல்லுமுன் அவையிற் படிக்கப்பட்டது. ஐயம் எழுந்தது, விடை தரப்பட்டது, திருத்தம் செய்யப்பட்டது. அதன்பின் அந்நூல் ஆசிரியனுடையது மட்டுமன்று, அவ்வவையினுடையதும் ஆயிற்று. ஆசிரியன் தனியனல்லன். இன்றைய எழுத்தாளனோ தனியே எழுதுகின்றான், தனியே அச்சிடுகின்றான், தனியே ஏச்சு வாங்குகின்றான். அவன் அச்சத்தின் ஆணிவேர் இத்தனிமையே. தோப்புக் காவற்காரனுக்குத் துணிவு தருவது கையிலுள்ள தீப்பந்தம் மட்டுமன்று. அடுத்த தோப்பிலிருந்து வரும் மறுகுரல்.

செய்ய வேண்டுவன

ஆதலின் இவ்வூரிலும், இத்தகைய ஒவ்வோர் ஊரிலும் செய்யத் தக்கன சில உள. அவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா.

திங்களுக்கு ஒருமுறை பத்துப் பேர் ஒரு திண்ணையிற் கூடுக. அச்சேறாத ஒருவர் எழுத்தை அவரே படிக்கக் கேட்க. முதலில் கருத்தைப் பேசுக. பின்னர்ச் சான்றைப் பேசுக. இறுதியாகச் சொல்லையும் ஒற்றையும் திருத்துக. இவ்வரிசை மாறலாகாது.

அங்குத் திருத்தம் பெற்ற நூல் அச்சேறும்போது, அப்பத்துப் பேரும் முன்பணம் தந்து ஆளுக்கிரண்டு படி வாங்கிக் கொள்க. ஐம்பது படியில் இருபது அன்றே விற்றுவிடும். பழைய கையொப்ப முறையே இது.

வெளிவந்த நூலின்மீது எவரேனும் பாய்ந்தால், திண்ணையில் அமர்ந்திருந்த பத்துப் பேரும் அதற்குப் பொறுப்பாளர். பிழையாயின் ஒப்புக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்துக. பழியாயின் சான்று காட்டி மறுக்க. ஆசிரியனைத் தனியே விட்டு நழுவற்க.

எழுதுவோன் தன்னளவிற் செய்ய வேண்டுவதும் உண்டு. நாள்தோறும் ஒரு குறித்த வேளையில், சிறிதாயினும் எழுதுக. “இன்னும் திருத்த வேண்டும்” என்பதற்கு ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் நிறுத்துக. பாராட்டையும் ஏச்சையும் ஒரே நாளில் இருமுறை எண்ணற்க. ஒரு நூல் வெளிவந்த அன்றே அடுத்த நூலின் முதல் வரியைத் தொடங்குக. முன்னூலைப் பற்றிய கவலைக்கு அதனினும் நல்ல மருந்து இல்லை.

தமிழன்பர்களே! ஒரு மொழி அழிவது பகைவர் அடிப்பதால் மட்டுமன்று. அம்மொழியில் எழுத வல்லோர் அஞ்சி வாய்மூடுவதாலும் அழியும். முறம்பிற் சுண்ணக்கட்டியோடு நின்ற இளைஞர், தள்ளப்பட்ட இடுநூலையும் இழந்த பதவியையும் கடந்து இறுதிவரை எழுதினார். அவருக்குக் கிட்டாத எளிய கருவிகள் இன்று இளைஞன் ஒவ்வொருவன் கையிலும் உள்ளன. அவருக்கு நெடுங்காலம் கிட்டாதிருந்த துணையையேனும் நாம் இவர்களுக்குத் தருவோமாக.

இன்றிரவு வீடு திரும்பியதும் அப்பெட்டியைத் திறவுங்கள். சுவடியின் மேலுள்ள தூசியைத் தட்டுங்கள். அடுத்த திங்கள் அதனோடு திண்ணைக்கு வாருங்கள். கேட்பதற்குப் பத்துப் பேர் காத்திருப்பர்.

வாழ்க தமிழ்! வளர்க எழுத்து!